கோடையில் வறளும் தோட்டத்துக்கு எந்த ஐரிஸ்?

ஐரிஸ் என்னும் பூச்செடிப் பேரினத்தில் ஏறத்தாழ 300 சிற்றினங்கள் உள்ளன. பனி உருகும் மலைச்சரிவில் முளைப்பவை, சதுப்பு நீரில் வேர் நனைய நிற்பவை, ஆண்டில் பல மாதங்கள் மழையே காணாத கல்மண்ணில் பூப்பவை என்று அவற்றின் பிறப்பிடங்கள் வெகுவாக வேறுபடுகின்றன. விற்பனைப் பட்டியல்களிலோ இவை எல்லாம் அடுத்தடுத்த பக்கங்களில், ஒன்றையொன்று விஞ்சும் நிறங்களில் அச்சாகியிருக்கின்றன. அதனால் வாங்குபவர் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தொட்டு, மழையுமின்றி மண் காய்ந்துகிடக்கும் இடங்களில் அப்படி வாங்கிய செடி இரண்டாம் ஆண்டைத் தாண்டாமல் போவதை அடிக்கடி காண முடிகிறது.

இத்தகைய தட்பவெப்பத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பூ முடிந்தபின் வரும் மூன்று நான்கு மாதங்களில் அந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் போகப்போகிறது என்பதுதான். மத்தியதரைக் கடற்பகுதியிலும் மேற்காசியாவிலும் தோன்றிய ஐரிஸ்கள் இலையுதிர்கால மழையில் விழித்து, குளிர்காலம் முழுவதும் வேரும் இலையும் வளர்த்து, கோடைக்கு முந்தைய வேனிலின் தொடக்கத்தில் பூத்து, கடும் வெயில் வந்ததும் உறக்கநிலைக்குப் போகும் வழக்கமுடையவை. அப்போது இலை நுனி காய்வதைப் பார்த்து இரக்கப்பட்டு ஊற்றப்படும் தண்ணீர், சூடேறிய மண்ணில் தேங்கி, கிழங்கை அழுகவைக்கிறது. ஈரநிலத்தில் தோன்றிய ஐரிஸ்களோ அதே தண்ணீர் இல்லாமல் சுருங்கிவிடுகின்றன. ஆகவே வெயிலைத் தாங்குமா என்று கேட்பது மட்டும் போதாது; அந்த வெயில் காலத்தில் செடி ஈரத்தை விரும்புமா வெறுக்குமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது குளிர்காலம். பல வகைகளுக்குப் பூமொட்டு உருவாகச் சில வாரங்களாவது குளிர் வேண்டும்; அது கிடைக்காத இடத்தில் இலை மட்டும் செழித்து நிற்கும்.

பெரும்பாலான தோட்டங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது தாடி ஐரிஸ். தொங்கும் இதழ்களின் நடுவே தடித்த ரோமக்கற்றை ஓடுவதால் இந்தப் பெயர். இன்று விற்கப்படும் நெட்டை ரகங்கள், அதாவது 70 செ.மீ.க்கு மேல் தண்டு உயர்பவை, ஐரோப்பிய இனங்களோடு மேற்காசிய இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்டவை; அந்தக் கலப்பின் வழியாக வறண்ட கோடையைத் தாங்கும் இயல்பு இவற்றுக்கு வந்திருக்கிறது. நிலத்தோடு ஒட்டிக் கிடைமட்டமாக வளரும் சதைப்பற்றுள்ள கிழங்கில் நீரும் மாவும் சேமிக்கப்பட்டிருக்கும். மண்ணிலிருந்து பெயர்த்த கிழங்கு நிழலில் பல நாள் கிடந்தாலும் உயிரோடிருப்பதே அதன் தாங்குதிறனுக்குப் போதிய சான்று. நிறங்களின் வீச்சிலும் இதற்கு இணை கிடையாது.

இதன் வெற்றி தோல்வி நடும் முறையில்தான் இருக்கிறது. குளிர்நாட்டு நூல்கள் சொல்வதுபோல் பூ முடிந்த உடனேயே, நடுக்கோடையில் நடுவது இங்கே பொருந்தாது. வெப்பம் தணியத் தொடங்கும் காலம்வரை, வட கோளத்தில் செப்டம்பர் அக்டோபர்வரையும் தென் கோளத்தில் மார்ச் ஏப்ரல்வரையும், பொறுத்திருக்க வேண்டும். உறைபனி விழும் இடமானால் அதற்கு ஆறு வாரம் முன்பாகவாவது நடவை முடித்துவிட வேண்டும். குழியின் நடுவே மண்ணைச் சிறு வரப்புபோல் குவித்து, அதன் முதுகில் கிழங்கை அமர்த்தி, வேர்களை இரு பக்கமும் சரியவிட்டு மண் மூட வேண்டும். கனத்த களிமண்ணில் கிழங்கின் மேற்புறம் வெளியே தெரிய வேண்டும். மணற்பாங்கான மண்ணிலோ, வெயில் மிகக் கடுமையான இடத்திலோ அதன்மேல் 2 செ.மீ. அளவுக்கு மண் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். செடிக்குச் செடி 30 முதல் 45 செ.மீ. இடைவெளி போதும். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஒருமுறை நனைத்து வந்தால், இலைவிசிறியின் நடுவிலிருந்து புது இலை எழும்பும். அப்போது இலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது, தண்ணீரைக் குறைக்கத் தொடங்கலாம்.

வேர் பிடித்த செடிக்கு வேனிலில், மேல்மண் ஐந்தாறு செ.மீ. காய்ந்தபின் தண்ணீர் விட்டால் போதும். கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதிகாலையிலோ பொழுது சாய்ந்தபிறகோ, ஆழமாக விடுவது சரியாக இருக்கும். மணல்மண்ணில் சற்று அடிக்கடி தேவைப்படும். தினமும் சிறிது தெளிப்பதுதான் மிக மோசமான பழக்கம். புல்வெளித் தெளிப்பான் எட்டும் தூரத்தில் தாடி ஐரிஸை நடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உரத்தில் தழைச்சத்து குறைவாகவும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் போதுமான அளவிலும் இருக்க வேண்டும். மட்காத தொழுவுரம் கிழங்கைத் தொடவே கூடாது. தழைச்சத்து மிகுந்தால் திசு மென்மையாகி அழுகலுக்கு இடம் கொடுக்கும். கிழங்குக்கு மேல் கனமாக மூடாக்கு போடுவதும் அதே கேட்டைத் தரும்.

அந்த அழுகலைக் கண்டறிவது கடினமன்று. ஓர் இலைவிசிறி அடியில் மஞ்சளாகி ஒருபக்கம் சாயும்; இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும்; கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் கூழாக அமுங்கும்; அதிலிருந்து எழும் துர்நாற்றம் வேறெதையும் போலிராது. பாக்டீரியாவால் வரும் இந்த மென்னழுகல் காயங்களின் வழியே நுழைந்து, வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் வேகமாகப் பரவுகிறது. உடனே தோண்டியெடுத்து, கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை கரண்டியால் வழித்து, ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் நனைத்து, ஓரிரு நாள் வெயிலில் உலரவைத்து வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். வறண்ட கோடையில் இலைப்புள்ளி நோய் குறைவாகவே வரும் என்பதால், தாடி ஐரிஸ் வளர்ப்பவர் இந்த அழுகல் ஒன்றில் கவனமாக இருந்தால் கவலை பெருமளவு தீர்ந்துவிடும்.

இலைகளைக் கூம்பாக வெட்டிவிடும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பெயர்த்து நடும்போது வேர் இழப்பை ஈடுசெய்ய இலையைப் பாதியாகக் குறைப்பது நியாயமே. நடவு செய்யாத செடியின் பச்சை இலைகளைக் கோடையின் நடுவே அழகுக்காக வெட்டுவது, அடுத்த ஆண்டுப் பூவுக்கு உணவு சேர்க்கும் உறுப்பையும், கிழங்குக்கு நிழல் தரும் ஒரே குடையையும் ஒருசேர நீக்கிவிடுவதாகும். காய்ந்த இலையை மட்டும் எடுத்தால் போதும்.

தாடி ஐரிஸின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கக்கிழங்குகளே அடுத்து பூக்கும். ஆகவே புதர் நெருங்கி நடுப்பகுதி வெறுமையாகிவிடும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நட்டாக வேண்டும். நெட்டை ரகங்களின் தண்டு பலத்த காற்றில் ஒடியும். குளிர் மிகக் குறைந்த இடங்களில் புதிய ரகங்கள் பல சரியாகப் பூப்பதில்லை. குட்டை ரகங்களுக்குக் குளிர் இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதால், மிதமான குளிர்காலம் உள்ளவர்கள் அவற்றில் பணத்தைப் போடாமல் இருப்பதே நல்லது. அத்தகையோருக்குப் பழைய வகைகள் கைகொடுக்கும். அரேபியத் தீபகற்பத்தைச் சேர்ந்த ஐரிஸ் அல்பிகன்ஸ் அவற்றில் முதன்மையானது. இஸ்லாமியக் கல்லறைகளில் நடப்பட்டு மத்தியதரைக் கடல் முழுவதும் பரவிய இந்த வெள்ளைப் பூ, விதையே பிடிக்காத செடி; மனிதர்கள் கிழங்கைப் பிரித்துக் கொடுத்தே இத்தனை தூரம் வந்திருக்கிறது. யாரும் தண்ணீர் விடாத கல்லறை மண்ணில் நூற்றாண்டுகளாகத் தழைத்த செடிக்கு வேறு நற்சான்று வேண்டியதில்லை. பூ சிறியது, இதழ்கள் எளிமையானவை. ஆனாலும் கொத்தாக மலரும்போது அந்த வெண்மை மிக அழகானது.

ஆண்டில் இருமுறை பூக்கும் ரகங்களும் உண்டு. 1982இல் பதிவான ‘இம்மார்ட்டாலிட்டி’ என்னும் வெள்ளை ரகம் பரவலாக அறியப்பட்டது. இவை இரண்டாம் முறை பூக்கக் கோடையிலும் வளர்ச்சி தொடர வேண்டும், அதற்குத் தண்ணீரும் உரமும் தர வேண்டும். நீர் குறைந்த தோட்டத்தில் அந்த இரண்டாம் பூவை எதிர்பார்த்துக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை.

தாடி ஐரிஸுக்கு நேர் போட்டியாக நான் வைப்பது ஸ்பூரியா ஐரிஸ். உண்மையில், கோடை வறட்சி நீண்டதாகவும் மண் சற்றே காரமாகவும் இருக்கும் இடத்தில் இதுவே கூடுதல் பொருத்தமானது. அறிந்தவர் குறைவு என்பதால்தான் நடுபவரும் குறைவாக இருக்கிறார்கள். ஐரிஸ் ஓரியன்டாலிஸ், காஷ்மீரைச் சேர்ந்த மஞ்சள் நிற ஐரிஸ் குரோசியா முதலியவற்றிலிருந்து உருவான இந்தக் கலப்புகள் 90 முதல் 150 செ.மீ.வரை நிமிர்ந்து வளரும். தாடி கிடையாது, மெல்லிய இதழ்கள், தொங்கிதழில் பெரும்பாலும் மஞ்சள் பொட்டு. தாடி ஐரிஸின் பருவம் ஓய்ந்த பின்னரே பூக்கும் என்பதால், இரண்டையும் வைத்திருப்பவருக்குப் பூக்காலம் பல வாரம் நீளும். வெட்டிச் சாடியில் வைக்கவும் ஸ்பூரியாவே சிறந்தது.

கோடை வந்ததும் ஸ்பூரியாவின் இலைகள் மேலிருந்து அடிவரை பழுப்பாகி முற்றிலும் காய்ந்துவிடும். புதிதாக வளர்ப்பவர் செடி செத்துவிட்டது என்றெண்ணித் தண்ணீரைக் கொட்டுவதும், சிலர் தோண்டியே எறிந்துவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். அந்த நாட்களில் அதற்குத் தண்ணீரே வேண்டாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கிழங்கின் கழுத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, கடுகளவு பழுப்பு உருண்டைகள் தோன்றி, புதர் முழுவதும் போய்விடும். காய்ந்த இலையை வெட்டிவிட்டு, இலையுதிர்காலத்தில் முதல் நனைப்பைத் தந்தால் போதும்; சில நாட்களில் வாள்போன்ற பச்சை முளைகள் மண்ணைப் பிளந்து வரும். அப்போதிலிருந்து பூக்கும்வரை தாராளமாகத் தண்ணீரும் உரமும் கேட்கும் செடி இது. வளர்ச்சிக் காலத்தில் பட்டினி போட்டுவிட்டு, வறட்சி தாங்கும் செடிதானே என்று சொல்வது சரியன்று.

பெயர்த்து நடுவதில் இரண்டும் நேர்மாறு. தாடி ஐரிஸின் கிழங்கைக் காயவைத்து அனுப்பலாம். ஸ்பூரியாவின் கிழங்கு காயக் கூடாது, ஈரப்பஞ்சிலோ ஈரத்தாளிலோ சுற்றி வைத்து, வந்த அன்றே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் நட வேண்டும். முதல் வேனிலில் பூப்பது அரிது. இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டியிருக்கலாம். ஆனால் ஒருமுறை ஊன்றிவிட்டால் பத்தாண்டுகூடப் பிரிக்காமல் விட்டுவைக்கலாம். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கும், இவ்வாண்டே பூ வேண்டும் என்பவர்களுக்கும் இது ஏற்றதன்று. ஓரிடத்தில் நிலைத்திருந்து, நான்காண்டுக்கு ஒருமுறை தோண்டும் வேலையிலிருந்து விடுபட விரும்புவோர் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஏரில் ஐரிஸ்கள் இன்னொரு எல்லை. யோர்தானின் தேசிய மலரான கறுப்பு ஐரிஸ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஐரிஸ் சூசியானாவும் இதில் அடங்கும். சாம்பல் நிற இதழ் முழுவதும் கருநரம்புகள் பின்னிய அந்தப் பூவை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. விதையின் ஒரு முனையில் வெண்ணிறச் சதைக்கழுத்து (ஏரில்) இருப்பதே இவற்றின் அடையாளம். அழகில் இவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் கருத்து. வளர்ப்பதிலோ இவ்வளவு கடினமானதும் வேறில்லை: பூ முடிந்த நாளிலிருந்து இலையுதிர்காலம்வரை மண் முழுக்க வறண்டிருக்க வேண்டும், ஒரு கோடைமழைகூடக் கெடுத்துவிடலாம், விதை முளைக்கவே சில ஆண்டு ஆகலாம். பல சிற்றினங்கள் இயற்கையில் அழிவின் விளிம்பில் இருப்பதால், காட்டிலிருந்து தோண்டிய கிழங்கை எவர் விற்றாலும் வாங்கக் கூடாது.

இந்த அழகில் ஒரு பகுதியை எளிதாகப் பெற ஏரில்-தாடிக் கலப்புகள் இருக்கின்றன. 1925இல் வந்த ‘வில்லியம் மோர்’ இவ்வகையில் முன்னோடி. தொங்கிதழில் தாடிக்குக் கீழே கரும்பொட்டும் நரம்புக் கோடுகளும் ஏரில் முன்னோரை நினைவூட்டும்; உடல்வாகு தாடி ஐரிஸைப் போலவே இருக்கும். வாங்கும்போது ஏரில் பங்கு எவ்வளவு என்று கேட்டறிவது அவசியம். கால் பங்கு உள்ளவற்றைத் தாடி ஐரிஸைப் போலவே நடத்தலாம். அரைப் பங்குக்கு மேல் போகப்போக வடிகாலும் கோடை வறட்சியும் கட்டாயமாகிவிடும். கோடையில் மழையில்லாத இடத்தில் வசிப்பவர்கள் இந்த ஒரு வகையில் குளிர்நாட்டாரைவிடப் பாக்கியசாலிகள்; மற்றவர்கள் கண்ணாடிக் கூரையிட்டுக் காக்கும் செடியை இவர்கள் திறந்த பாத்தியில், சரளை கலந்த உயர்ந்த மேட்டில் வளர்த்துவிடலாம்.

குமிழ்க் கிழங்கு வகையில் டச்சு ஐரிஸ் ஒன்றே பொதுவாகக் கருதத்தக்கது. பெயர் டச்சு என்றாலும், இதன் மூதாதைகள் ஸ்பெயின், போர்ச்சுக்கல், வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் வறண்ட கோடைக்குப் பழகியவை. இலையுதிர்காலத்தில் 10 செ.மீ. ஆழத்தில் நட்டால் வேனிலில் ஒரு தண்டில் ஓரிரு பூ. இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். விலை குறைவு, முதல் வேனிலிலேயே பலன், சிறிய இடம் போதும். எனினும் குமிழ் பிரிந்து சிறுத்துப்போவதால் ஆண்டுக்காண்டு பூ குறைவது உண்டு. ஐரிஸ் தம் மண்ணில் வருமா என்று குறைந்த செலவில் பார்க்க விரும்புவோருக்கு நல்ல தொடக்கம். நிலையான பாத்திக்கு இதை நம்பமாட்டேன். ரெட்டிகுலேட்டா என்னும் குட்டைக் குமிழ் வகைக்கு வறண்ட கோடை பிடிக்கும் என்றாலும் குளிர்காலக் கடுங்குளிரும் வேண்டும்.

அல்ஜீரியா, கிரீஸ், துருக்கி நாடுகளைச் சேர்ந்த ஐரிஸ் அங்குயிகுலாரிஸை ஒரு மூலைக்காகவே சொல்கிறேன்: வெயிலில் காயும் சுவரோரம், சத்தற்ற, சுண்ணாம்பு மிகுந்த மண், யாரும் கவனிக்காத இடம். அங்கே நட்டு மறந்துவிட்டால், வேறெதுவும் பூக்காத குளிர்காலத்தில் இளநீலப் பூக்களைத் தரும். இலைக்கற்றைக்குள் நத்தை ஒளிந்துகொண்டு மொட்டுகளைத் தின்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

லூசியானா ஐரிஸைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. இது வெப்பத்தை நன்றாகத் தாங்கும் என்று எழுதப்பட்டிருப்பதைப் படித்து, வறண்ட பாத்தியிலும் வளரும் என்று எண்ணிவிடுகிறார்கள். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய சதுப்பு நிலங்களின் ஐந்து சிற்றினங்களிலிருந்து வந்த இந்தச் செடி தாங்குவது ஈரத்தோடு கூடிய வெப்பத்தை. நீர் நிற்கும் தொட்டி, குளக்கரை, தினமும் பாசனம் பெறும் பாத்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தால், மண்ணும் சற்று அமிலத்தன்மையோடு இருந்தால், தாராளமாக நடலாம்; கிழங்கு வெயிலில் வெந்துவிடாமல் கனத்த மூடாக்கு போட வேண்டும். கார நீரில் இலை மஞ்சளாகும். தாடி ஐரிஸுக்கு மூடாக்கு பகை, இதற்கு அதுவே உயிர். இவ்விரண்டையும் ஒரே பாத்தியில் நடுவது எதற்கும் உதவாது.

சைபீரிய ஐரிஸும் ஜப்பானிய ஐரிஸும் குளிர்ந்த, ஈரமான, அமிலத்தன்மையுள்ள மண்ணுக்கானவை. வறண்ட கோடையில் அவற்றைக் காப்பாற்றச் செலவாகும் தண்ணீருக்கு மற்ற எல்லா வகைகளையும் வளர்த்துவிடலாம். கலிபோர்னியா, ஓரிகன் கடலோரங்களின் பசிபிக் ஐரிஸ்கள் கோடை வறட்சிக்குப் பழகியவை என்றாலும், கடற்காற்று தணிக்கும் கோடை அது. உள்நாட்டு அனலையும் சுண்ணாம்பு மண்ணையும் அவை தாங்குவதில்லை.

விருதுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1920இல் தொடங்கிய அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் நடுவர்கள் வழங்கும் டைக்ஸ் பதக்கம் ஐரிஸ் உலகின் மிக உயர்ந்த பாராட்டு. ஆனால் அது பூவின் தரத்துக்கும் செடியின் பொதுத் திறனுக்கும் தரப்படுவது. உங்கள் கோடைக்கு அது உத்தரவாதமாகாது. அதைவிட, உங்கள் தட்பவெப்பத்திலேயே திறந்த வயலில் கிழங்கு வளர்த்து விற்கும் பண்ணையிலிருந்து வாங்குவது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு பாத்திதான் இருக்கிறது, குளிர்காலத்தில் ஓரளவு குளிரும் கிடைக்கிறது என்றால் நெட்டைத் தாடி ஐரிஸையே நடுங்கள். பிற்பகல் வெயிலை மட்டும் மெல்லிய நிழல் மறைத்தால் போதும். குளிர் குறைவு என்றால் ஐரிஸ் அல்பிகன்ஸையும் அதுபோன்ற பழைய வகைகளையும் தேடுங்கள். இடமும் பொறுமையும் உள்ளவர்கள் பின்வரிசை முழுவதையும் ஸ்பூரியாவுக்கு ஒதுக்கலாம். வேனிலில் மட்டும் அதற்குக் கூடுதல் தண்ணீர் போகுமாறு தனிக் குழாய் வைத்து, கோடை தொடங்கியதும் அதை மூடிவிட வேண்டும். சரளை மேடு அமைக்க முடிந்தவர்கள் ஏரில் கலப்புகளை இரண்டு மூன்று முயன்று பார்க்கலாம். எதை நட்டாலும் முதல் ஆண்டில் ஒரு வகையின் எல்லாக் கிழங்குகளையும் ஓரிடத்தில் வைக்காமல், பாதியை மேடான பகுதியிலும் பாதியைச் சமதளத்திலும் நட்டு, கோடை முடிந்ததும் இரண்டையும் தோண்டிப் பார்த்து வேரை ஒப்பிட்டால், அடுத்த நடவை எங்கே செய்வது என்பது தெளிவாகிவிடும். ஸ்பூரியாவுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், அதைக் கிளறாமல் விட்டுவிடுங்கள்.